கறுப்புப் பையில் வரும் கபாப்

தில்லி ஜாமியா நகரின் சந்துகளில் மாலை ஏழு மணிக்கு மேல் கரி கனலத் தொடங்கும். குறுகிய இரும்புத் தொட்டியில் கனலைப் பரப்பி, அதன் இரு விளிம்புகளிலும் படியும்படி கம்பிகளை வரிசையாக வைக்கிறார் கடைக்காரர். தண்ணீரில் நனைத்த கையால் கொத்துக்கறியை அள்ளிக் கம்பியின் மேல் பிடித்து, விரல்களால் அழுத்திக்கொண்டே கீழ்நோக்கி நீட்டுகிறார். மற்றொரு கை அட்டை விசிறியைக் கீழே வைப்பதில்லை. கொழுப்பு உருகிக் கனலில் சொட்டுகிறது. அதிலிருந்து எழும் புகை மீண்டும் கறியிலேயே ஏறுகிறது. வெந்ததைத் துணியால் பற்றிக் கம்பியிலிருந்து உருவி, வெங்காய வளையங்களும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து, மடித்த ரூமாலி ரொட்டியோடு வெள்ளித்தாளில் சுற்றுகிறார். புதினாச் சட்னி தனிப் பொட்டலம். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிடுகிறார். கறுப்புப் பை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தரப்படுவது அது.

அந்தப் பை மெட்ரோ ஏறி நகரின் வேறொரு பகுதிக்குப் போகிறது. அங்கே மொட்டைமாடி அறை ஒன்றில் குடியிருக்கும் ஆய்வு மாணவரிடம், வீடு பார்க்க வந்த நாளில் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வி, 'வெஜிடேரியன்தானே?' என்பது. முதல் கேள்வி அவருடைய முழுப்பெயர். இரண்டாவது கேள்விக்கு அவர் 'ஆம்' என்றார். அன்றிலிருந்து கபாப் வாங்கிவரும் இரவுகளில் ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, செய்தித்தாளை விரித்துத்தான் பொட்டலம் பிரிக்கப்படுகிறது. விரல் பட்டதும் உதிரும் பதம், நாக்கில் புகையும் மிளகும் ஒன்றாக இறங்கும் அந்த முதல் வாய், உடன் உண்ணும் இரு நண்பர்கள், பாதியில் நிற்கும் ஆய்வேட்டு இயல் பற்றிய பேச்சு. ஒரு ஆய்வு மாணவரின் வாரத்தில் இதைவிட நிறைவான மணிநேரம் அதிகம் இல்லை. மறுநாள் காலை அதே கறுப்புப் பை முதுகுப்பைக்குள் ஒளிந்து இறங்கி, அடுத்த தெருவின் குப்பைத்தொட்டியில் விழுகிறது.

இந்தச் சுவையில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் பையின் நிறத்தில் இருக்கிறது. தலைநகரம் கபாபை விலக்கி வைக்கவில்லை. கபாபைச் சுடுபவரை விலக்கி வைத்துக்கொண்டே கபாபை மட்டும் வரவழைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆள் நுழைய முடியாத தெருவுக்குள் அவர் சுட்ட கறி நுழைகிறது. பொட்டலம் அதற்கான ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுத வேண்டிய ஆய்வுலகம் என்ன எழுதுகிறது என்பதே இங்குள்ள வழக்கு.

ஆய்வுலகம் எழுதுவது நவாபைப் பற்றி. உணவுப் பண்பாடு குறித்த கருத்தரங்குகளில் கபாப் என்றால் முகலாய அடுக்களை, அவத் அரண்மனை, கங்கா-ஜமுனி நாகரிகம், பல்லிழந்த நவாபுக்காக வாயில் கரையும்படி உண்டாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கலௌட்டி. பல்லில்லாத நவாபின் கதை எத்தனை முறை சொல்லப்பட்டாலும் அரங்கம் புன்னகைக்கிறது. அந்தக் கதை யாரையும் சங்கடப்படுத்துவதில்லை என்பதே அதன் சிறப்பு. அதில் முஸ்லிம் உண்டு, ஆனால் அவர் இறந்துபோன அரசர். இன்று வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம் அதில் இல்லை.

சந்துக் கடையின் கபாப் மென்மையாக இருப்பதற்குக் காரணம் எந்த நவாபும் அல்லர். பால் வற்றிய எருமையின் இறைச்சி விறைப்பானது; அதனால் விலை மலிவானது. அந்த விறைப்பை உடைக்கத்தான் இருமுறை கொத்துவதும், கொழுப்பைக் கலப்பதும், அரைத்த பச்சைப் பப்பாளியைப் பிசைந்து ஊறவைப்பதும். பப்பாளிப்பாலில் உள்ள பப்பைன் என்னும் நொதி தசைப்புரதத்தைச் சிதைக்கிறது. சற்றுக் கூடுதலாக ஊறினால் கறி கூழாகிக் கம்பியில் நிற்காது; குறைந்தால் பல்லில் சிக்கும். பழைய தில்லியில் சுத்லி கபாப் என்று ஒன்று உண்டு. கறி அவ்வளவு மென்மையாக இருப்பதால் கம்பியிலிருந்து விழாமலிருக்க நூல் சுற்றிச் சுடுவார்கள். பரிமாறும்போது நூலைப் பிரித்து இழுப்பார்கள். மலிவான தசையை அரச விருந்துபோல் ஆக்கும் இந்த அறிவு உழைப்பாளிகளின் அறிவு. அதைச் சேர்த்து வைத்தவர்களில் இறைச்சி வெட்டும் குரைஷிகள் முக்கியமானவர்கள். முஸ்லிம் சமூகத்தின் உள்ளேயே தாழ்வாக எண்ணப்பட்டுவந்த தொழில் அது. நவாபின் பெயர் உணவுப்பட்டியலில் நிற்கிறது. அறுப்பவரைக் குறிக்கும் 'கஸ்ஸாப்' என்ற அரபுச் சொல்லோ தமிழ்வரை வந்து, 'கசாப்புக்காரன்' என்னும் வசையாக முடிந்திருக்கிறது. பண்பாட்டு ஆய்வு இவ்விரு பெயர்களில் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது தற்செயல் அன்று.

பாரம்பரியம் என்ற பட்டம் எதையும் காப்பதில்லை என்பதற்கு லக்னோ சான்று. 1905-இல் தொடங்கியதாக அறியப்படும் டுண்டே கபாபி அந்நகரின் அடையாளம். பயணக் கையேடுகள் அனைத்திலும் அதற்கு இடம் உண்டு. 2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் புதிய அரசு உரிமம் இல்லாதவை என்று கூறி இறைச்சிக்கூடங்களை மூடத் தொடங்கியதும், எருமைக்கறி கிடைக்காமல் அந்தப் புகழ்பெற்ற கடையே தற்காலிகமாக மூடப்பட்டது. திறந்தபோது கோழியும் ஆட்டுக்கறியும் வைத்துச் சமாளித்தது. நூற்றாண்டுப் பெருமையால் ஒரு நாளைக்கான கறியைக்கூட வரவழைக்க முடியவில்லை. அப்படியிருக்க, கையேட்டில் பெயரில்லாத சந்துக் கடையின் கதி என்னவாக இருக்கும் என்பதை எந்த மரபுநடைக் குழுவும் விசாரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்து, சட்டம். 1994-ஆம் ஆண்டின் தில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை அறுப்பதையும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதையும் தடை செய்கிறது. எருமை அதில் அடங்காது. எனவே தில்லிக் கடையின் எருமைக் கபாப் முற்றிலும் சட்டப்படியானது. ஆனாலும் பல கடைகளின் பலகையில் அந்தச் சொல் இருக்காது. கேட்பவர் 'படே கா?' என்று தணிந்த குரலில் கேட்பார், கடைக்காரர் தலையசைப்பார். 'பெரியதினுடையது' என்ற அந்த மழுப்பலான இரண்டு சொற்களுக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று, தில்லியிலிருந்து தொலைவில் இல்லாத தாத்ரி வட்டாரத்தின் பிசாரா கிராமத்தில் முகமது அக்லாக் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அவர் வீட்டு இறைச்சி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. கொலையைவிடக் கறியே விசாரணைப் பொருளானது. ஒரு மாதம் கழிவதற்குள், மாட்டுக்கறி பரிமாறப்படுவதாக வந்த புகாரின் பேரில் காவல்துறை தலைநகரில் உள்ள கேரள இல்லத்தின் உணவகத்துக்குள் நுழைந்தது. அங்கே இருந்ததும் எருமைக்கறிதான். ஒரு மாநில அரசின் விருந்தினர் இல்லத்துக்கே அந்த நிலை என்றால், நான்கு கம்பியும் ஒரு விசிறியும் வைத்திருப்பவர் ஏன் மெல்லப் பேசுகிறார் என்பது விளங்கும். கறுப்புப் பை இந்த அச்சத்தின் நிறம்.

இதே எருமையைக் குறித்து நகரத்துச் சைவ உணவு மேசைக்கு மட்டும் எந்த அச்சமும் இல்லை. இந்தியாவில் கறக்கப்படும் பாலில் ஏறத்தாழப் பாதி எருமையிடமிருந்து வருகிறது. பால் வற்றிய எருமையையும் பாலுக்கு உதவாத கடாக்கன்றையும் உழவர் ஆயுள் முழுதும் தீவனம் போட்டு வைத்திருக்க இயலாது. விற்றால்தான் அடுத்த கறவையை வாங்க முடியும். ஆகவே பனீரும் கபாபும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகள். ஒரு முனை கோயில் பிரசாதத்தின் தூய்மையோடு தட்டில் வருகிறது; மறுமுனை முடிச்சிட்ட பையில் ஒளிந்து வருகிறது. பனீர் உண்பவர் கபாபின் குற்றத்திலிருந்து விடுபட்டவர் என்னும் நம்பிக்கைக்கு மாட்டுத்தொழுவத்தின் கணக்கில் இடமில்லை.

இனி வீடு. 2015-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லி தலைநகர வட்டாரத்தின் வாடகை வீட்டுச் சந்தை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பெயர் ஒன்றை மட்டும் மாற்றி வீடு கேட்டபோது, உயர்சாதி இந்துப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்குத் தயங்கியது. முஸ்லிம் பெயருக்கு அதைவிட அதிகமாகச் சாத்தப்பட்டது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டாத நகரவியல் வகுப்பு குறைவு. ஆனால் சமையலறைக் கேள்விதான் பெரும்பாலும் பெயர்க் கேள்வியின் நாகரிக வடிவம் என்பதை அந்த வகுப்புகள் போதிய அளவு சொல்வதில்லை. 'முஸ்லிமுக்குத் தருவதில்லை' என்று சொல்லக் கூசுகிறவரும் 'தலித்துக்குத் தருவதில்லை' என்று சொல்லக் கூசுகிறவரும், 'சைவம் மட்டும்' என்று கூச்சமின்றிச் சொல்லிவிடலாம். அது தனிப்பட்ட பழக்கமாகவும் தூய்மை உணர்வாகவும் ஏற்கப்பட்டுவிடும். இப்படி ஒவ்வொரு தெருவிலும் மறுக்கப்பட்டவர்கள் சேருமிடமே நகரத்தின் விளிம்புக் குடியிருப்பு. அங்கே கபாப் கடைகள் அடர்ந்திருப்பதைச் 'சுவைப் பயணம்' என்று கொண்டாடுபவர், அந்த அடர்த்தியை உண்டாக்கிய விரட்டலையும் சேர்த்தே கொண்டாடுகிறார்.

பொட்டலத்தின் மறைப்புகூடப் போதாது என்ற காலம் இப்போது வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் முற்றிலும் சைவ உணவுக்கெனத் தனி விநியோகப் படையை அறிவித்தது. அவர்களுக்குப் பச்சைச் சீருடை. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே சீருடை நிறத்தைக் கைவிட்டது. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு விருப்பத்தைப் போட்டு உடைத்தது: மூடிய பெட்டிக்குள் மூடிய பொட்டலமாக இருந்தாலும் கபாப் பயணம் செய்த பெட்டி தன் வாசலுக்கு வரக் கூடாது. தீட்டுக் கோட்பாட்டைப் பாடநூலில் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. அதே ஆண்டு ஜூலையில், காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவுக்கடைகள் உரிமையாளர் பெயரை வெளியே எழுதிவைக்க வேண்டும் என்று முசாபர்நகர் காவல்துறை ஆணையிட்டது. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெட்டியின் தூய்மையைக் கேட்பவரும் பெயர்ப்பலகையைக் கேட்பவரும் கேட்பது ஒன்றைத்தான். சுட்டவர் யார் என்பதே அவர்கள் கேள்வி. என்ன சுட்டார் என்பது அதற்கு ஒரு சாக்கு.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும்.

முதலாவது, சுகாதாரம். நியாயமான கவலை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைக்கும் பதிவு வேண்டும் என்கிறது, வேண்டியதுதான். ஆனால் சுகாதாரம் என்பது குழாய்நீர், சாக்கடை, குப்பை அகற்றல், குளிர்பதன வசதி, அவற்றுக்கான வங்கிக் கடன். முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் நகராட்சி வசதிகள் குறைந்திருப்பதையும், சில வங்கிகள் அத்தகைய பகுதிகளை எதிர்மறை மண்டலங்களாக ஒதுக்குவதையும் 2006-இல் சச்சார் குழு பதிவு செய்தது. சாக்கடை கட்டித்தர வேண்டிய நகராட்சி, 2009-இல் பழைய தில்லியின் ஈத்கா இறைச்சிக்கூடத்தை மூடி அத்தொழிலை நகரின் கிழக்கு விளிம்பில் குப்பைமலை நிற்கும் காசிப்பூருக்கு அனுப்பியது. 2023 இறுதியில், இறைச்சிக் கடைக்கும் வழிபாட்டிடத்துக்கும் இடையே 150 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற கொள்கையை நிறைவேற்றியது. தில்லியின் நெருக்கமான குடியிருப்பில் எந்தத் திசையில் 150 மீட்டர் நடந்தாலும் ஒரு வழிபாட்டிடம் எதிர்ப்படும். இடைவெளியை அளக்கும் நாடா நீரைச் சுத்தம் செய்யாது.

இரண்டாவது, உயிர்க்கொலை. கொல்லாமையைத் தம் வாழ்வில் மெய்யாகக் கடைப்பிடிப்பவர் மதிக்கத்தக்கவர். அவருடைய அறம் முதலில் அவருடைய தட்டை நோக்கியது. தயிரையும் தோல் செருப்பையும்கூட அது கேள்வி கேட்கும். அண்டை வீட்டுச் சமையலறையை மோப்பம் பிடித்து வாடகை ஒப்பந்தத்தை முறிப்பது அந்த அறத்தின் எந்தக் கிளையிலும் சேராது.

மூன்றாவது, ஆய்வாளர்களுக்கே மிகப் பிடித்தது: 'சாப்பாட்டை ஏன் அரசியலாக்க வேண்டும்? சுவைத்துவிட்டுப் போகலாமே.' சாப்பாட்டை அரசியலாக்கியவர் உண்டவர் அல்லர். வீடு காட்டுமுன் கேள்வி கேட்டவர். சுவைத்துவிட்டுப் போகலாம் என்ற உரிமை முழுப்பெயரைத் தயங்காமல் சொல்ல முடிந்தவருக்கே கிடைக்கிறது.

இந்த இடத்தில் பல்கலைக்கழகம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் நிறுவனம் அன்று. 2018 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக விடுதி உணவகத்தில் சைவ, அசைவ மாணவருக்குத் தனித்தனி நுழைவாயிலும் கைகழுவுமிடமும் குறித்த அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டன. 2022 ஏப்ரல் 10 அன்று, ராமநவமி நாளில் விடுதியில் கோழிக்கறி சமைக்கலாமா என்னும் தகராறில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் காவேரி விடுதி மாணவர்கள் காயமடைந்தனர். 2023-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், சைவர்க்கென ஒதுக்கிய மேசைகளை எதிர்த்த மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இவை செய்தியான நிகழ்வுகள். செய்தியாகாதது கருத்தரங்கின் மதிய உணவு. விளிம்புநிலை பற்றி நான்கு அமர்வுகள் நடத்தும் துறைகள் பலவற்றிலும் விருந்து சைவமாகவே இருக்கும். 'எல்லோருக்கும் பொதுவாக' என்பது காரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 100-க்கு 83 பேரும் பெண்களில் 70 பேரும் அவ்வப்போதாவது மீனோ கோழியோ இறைச்சியோ உண்பவர்கள். சிறுபான்மையின் தட்டு எப்படிப் 'பொது' ஆனது என்று அந்தத் துறைகளில் எவரேனும் ஆய்வேடு எழுதலாம்.

தமிழ் ஆய்வாளர்கள் இதில் தமக்கு விலக்கு உண்டு என்று எண்ணுவதும் வீண். கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநருக்குக் கரிகாலன் அளித்ததைப் பொருநராற்றுப்படை சொல்கிறது என்று நினைவூட்டுவது எளிது. அரங்கம் அதற்கும் புன்னகைக்கும். ஆனால் அதே தமிழில் இன்று புலால் உணவுக்குப் பெயர் 'அசைவம்'. ஒரு சமயத்தின் பெயர் உணவுக்கு நெறியாகி, பெரும்பான்மையோர் உண்பது அந்நெறியின் இன்மையாக மட்டுமே சுட்டப்படுகிறது. சங்கப் பொருநர் நவாபைப் போலவே வசதியானவர்: இறந்துவிட்டவர், வாடகைக்கு வீடு கேட்காதவர்.

செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. உணவு வரலாறு எழுதுபவர் அரண்மனைச் சமையற்குறிப்போடு கறி வரும் வழி, கடை வாடகை, விசிறி வீசும் பையனின் கூலி ஆகியவற்றையும் எழுதலாம். துறைத் தலைவர் கருத்தரங்க விருந்துக்கான ஆணையை ஒருமுறை அந்தச் சந்துக் கடைக்குக் கொடுக்கலாம், வெளிப்படையாக, ரசீதோடு. சொந்த வீடுள்ள பேராசிரியர்கள் நகரில் பலர். மாடி அறையை வாடகைக்கு விடும்போது அந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் இருக்கலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் 'சைவம் மட்டும்' தீர்மானம் வரும்போது மௌனம் காக்காமல் எழுந்து பேசலாம். கட்டுரை எழுதுவதைவிட இது கடினம். அங்கே எதிரில் இருப்பவர் மதிப்பாய்வாளர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்.

இவற்றில் எதையும் செய்யாமலும் கபாப் சுவையாகத்தான் இருக்கும். கரிக்கனலுக்கு உண்பவரின் கொள்கை தெரியாது. ஆனால் சுட்ட கையைத் தன் தெருவுக்குள் விடாதவர் அந்தச் சுவையைப் பண்பாட்டு ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. அவர் உண்பது கபாப்; அவ்வளவே. ஒற்றுமையைப் பற்றிப் பேசும் தகுதி, அதே கடைக்காரர் அதே கபாபை வெள்ளைப் பையில் போட்டுத் தருவதற்குத் தயங்காத அன்றைக்குத்தான் இந்த நகரத்துக்கு வரும்.